அறிமுக அட்டையும் அதன் மெருகும்

நம்மிடம் பயின்று புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர் சிலர், தமது அறிமுக அட்டைக்கு எவ்வகை மெருகு தகும் என நம்மை வினவுவதுண்டு. கையிலுள்ள சிறு முதலைக் கொண்டு அச்சிடுவோர் ஆதலின், இவ்வினாவை அற்பமென நாம் தள்ளுவதில்லை.

அச்சுக்கூடத்தார் காட்டும் மாதிரிகள் பல. சூடேற்றிய உலோக அச்சினால் பொன்னிறப் படலத்தை அழுத்தி எழுத்தை ஒளிரச் செய்வர். மேலும் கீழுமாக இரண்டு அச்சுகளுக்கிடையே தாளை அழுத்தி எழுத்தைப் புடைத்தெழச் செய்வர். பெயரின்மீது மட்டும் மெருகெண்ணெய் பூசி, புறவூதாக் கதிரால் அதனை நொடியில் இறுகச் செய்தல் பிறிதொரு முறை. அட்டை முழுவதிலும் மெல்லிய பிளாஸ்ரிக் படலம் ஒட்டுதலும் உண்டு. அதனால் ஈரமும் அழுக்கும் எளிதிற் பற்றா.

இவை யாவும் நல்லனவே. ஆயின் யாவும் ஓரட்டையில் வேண்டா. பொன்மெருகு பெரிய எழுத்திற் பொலியும். தொலைபேசி எண் போன்ற சிற்றெழுத்திலோ நுண்ணிய இடைவெளிகள் அடைபட்டு, வெளிச்சத்தில் மினுங்கிக் கண்ணை மயக்கும். புடைத்த எழுத்து அட்டையின் பின்புறத்திற் பள்ளமாகத் தோன்றும். அங்கே வேறொன்றும் அச்சிடாமை நலம். படலம் ஒட்டிய பக்கத்தில் பேனை மை எளிதிற் பிடியாது; அத்தகைய தாளை மீள்சுழற்சி செய்தலும் கடினம்.

அட்டையைப் பெறுபவர், எங்கே கண்டோம், எதற்காகப் பேசினோம் என்று அதன் பின்புறத்திற் குறித்துக்கொள்ள விரும்புவர். அக்குறிப்பே பின்னொருநாள் நம் இளைஞரைத் தேடிவரச் செய்வது. ஆகவே 300 கிராம் அளவிலான தடித்த தாள், தெளிவான எழுத்து, பெயருக்கு மட்டும் ஒரு மெருகு, பின்புறம் வெறுந்தாள்: இவையே போதும் என்போம். மிஞ்சும் பணம் தொழிற்கருவி வாங்க உதவும்.