ஐம்பது நிமிடம் முந்தும் பொங்கல்

தைப் பொங்கலன்று போர்ட் பிளேரில் காலை 5.45-க்கெல்லாம் சூரியன் எழுந்துவிடுகிறது. சென்னையில் அப்போது இருட்டு. அங்கே விடிய இன்னும் 50 நிமிடம் ஆகும். கடிகாரமோ இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

ஆகவே அந்தமான் தமிழர் வீட்டில் பொங்கல் காலை ஒரு சின்னத் தகராறோடு தொடங்கலாம். பானையை எப்போது ஏற்றுவது? சுவரில் தொங்கும் சிவகாசி காலண்டர் நல்ல நேரம் சொல்கிறது. ஆனால் அது தாய்நாட்டு உதயத்தை வைத்துக் கணித்த நேரம். 'சூரியனுக்குத்தானே படைக்கிறோம்? அவரே வந்து நிற்கிறார், காலண்டர் எதுக்கு?' என்று பாட்டி கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். வாசலில் மூன்று செங்கல், இல்லையென்றால் குவார்ட்டர்ஸ் சமையலறையில் கேஸ் அடுப்பு. தேங்காய் உள்ளூரிலேயே காய்க்கிறது. மற்ற மளிகையில் பெரும்பகுதி 1,190 கிலோமீட்டர் கடல் தாண்டி, சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் வருகிறது. கப்பல் தாமதமானால் பண்டிகைக்கு முன் கடைத்தெருவில் அதுதான் பேச்சு.

2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் 3.8 லட்சம் பேரில் தமிழ் பேசுவோர் சுமார் 15 சதவீதம். வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் அடுத்தடுத்த வீட்டில் இருக்க, தெருவில் எல்லோருக்கும் பொது மொழி இந்தி. பிள்ளைகள் விளையாடுவதும் சண்டை போடுவதும் அதில்தான். பால் பொங்கும் அந்த அரை நிமிடம் மட்டும் அதே பிள்ளைகள் 'பொங்கலோ பொங்கல்' என்று கத்துகிறார்கள். பெரியவர்கள் அதற்காகவே அவர்களை விடியுமுன் எழுப்பிக் குளிப்பாட்டுகிறார்கள்.

தெற்கே நிக்கோபாரில் கச்சால் தீவு. 1964-ம் ஆண்டு சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர் சிலர் அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டார்கள். 2000 ஜனவரி 1 அன்று புத்தாயிரத்தின் முதல் உதயம் என்று உலகமே பேசியது இந்தக் கச்சாலைத்தான். ஐந்தே ஆண்டில், 2004 டிசம்பர் 26 அன்று, சுனாமி அதைச் சூறையாடியது. பத்தொன்பதாம் நாள் பொங்கல். நிக்கோபார் தீவுக்காரர்களில் பலர் அன்று முகாம்களில் இருந்தார்கள்.

போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிவிட்டது. பழகிய வாய்க்கு இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தது 2020 ஆகஸ்டில். அதற்கு முன் வீடியோவில் முகம் உறைந்து நிற்கும். இப்போது ராமநாதபுரத்துச் சித்தி, வாசல் விளக்கு வெளிச்சத்தில் கோலமாவுக் கையோடு கேட்கிறார்: 'பால் பொங்கிச்சா?' இங்கே பானையையே கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது.