விடுவதும் தடுப்பதும்

பல ஆண்டுகளுக்கு முன்பு நண்பர்கள் நால்வர் கூடி 'ஹாம்லெட்'டை வரிவரியாகத் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் அங்கம், நான்காம் காட்சி. தந்தையின் ஆவி சைகை காட்டி அழைக்கிறது. பின்தொடர முனையும் ஹாம்லெட்டை உடனிருப்பவர்கள் பிடித்து நிறுத்துகிறார்கள். தன்னை 'லெட்' செய்பவனை ஆவியாக்கிவிடுவதாக அவன் மிரட்டுகிறான். போகவிடுபவனை எதற்காகக் கொல்ல வேண்டும்? சித்தம் கலங்கத் தொடங்கிவிட்டதற்கு இதுவே சான்று என்று முடிவுகட்டி, கட்டுரையொன்றும் எழுதிச் சிற்றிதழில் அச்சேற்றிவிட்டோம். அடுத்த இதழில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கடிதம் வந்தது. இரண்டே வரிகள்: அங்கே அச்சொல்லுக்குத் 'தடு' என்று பொருள், அகராதியைப் பார்க்கவும்.

பார்த்தோம். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகள். உள்ளே இரண்டு சொற்கள் குடியிருந்தன. பழைய ஆங்கிலத்தில் 'லேட்டன்' என்றால் விடு. 'லெட்டன்' என்றால் தடு, தாமதப்படுத்து. காலப்போக்கில் ஈறுகள் தேய்ந்து இரண்டும் ஒரே உருக்கொண்டன. இன்னும் பின்னோக்கிப் போனால் இரண்டுமே தளர்தலைக் குறித்த ஒரு தொல்வேரிலிருந்து கிளைத்தவை என்கிறார்கள் சொற்பிறப்பியலார். பிடி தளர்ந்தால் விடுதல். நடை தளர்ந்தால் தாமதம், தாமதத்திலிருந்து தடை. தாமதத்தைக் குறிக்கும் 'லேட்'டும் இக்குடும்பமே. (ஹாம்லெட்டின் பெயரில் ஒட்டியிருக்கும் 'லெட்'டுக்கும் இதற்கும் உறவில்லை. அந்த அளவுக்கு நாங்கள் ஏமாறவில்லை.)

1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்திலும், தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தில், தடுத்தல் பொருளில் இச்சொல் வருகிறது. பிற்பாடு விடுபவன் வென்றுவிட்டான். தடுப்பவனுக்கு எஞ்சியவை சில மூலைகளே. டென்னிஸில் அடித்த சர்வீஸ் வலையின் மேல்விளிம்பை உரசியபடி உரிய கட்டத்தில் விழுந்தால், 'லெட்' என்று மறுபடி ஆடச் சொல்வார்கள். இன்னொரு மூலை எங்கள் பெட்டியிலேயே கிடந்தது: இந்தியக் கடவுச்சீட்டு. உடையவரை 'லெட்'டோ இடையூறோ இன்றிச் செல்ல அனுமதிக்குமாறு குடியரசுத் தலைவரின் பெயரால் அதில் கேட்டுக்கொள்ளப்பட்டிருக்கிறது. எத்தனையோ முறை நீட்டிய ஏடு; ஒருமுறையும் படித்ததில்லை.

ஆங்கிலேயரை நகைக்கவும் வழியில்லை. அவர்கள் 'லெட்' என்பதைப் போலவே நாமும் வீட்டை வாடகைக்கு 'விடு'கிறோம். அந்த விடுதலே முதல் எழுத்து நீண்டு வீடுபேற்றின் 'வீடு' ஆகிறது. பற்றையெல்லாம் விட்ட நிலைக்கும், கடன்பட்டுக் கட்டிக் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும் நான்கு சுவர்களுக்கும் ஒரே பெயர்.

அந்த ஆசிரியருக்கு நன்றி சொல்லித் திருத்தம் எழுதி அனுப்பினோம். மிகவும் தாமதமாக. அதற்குள் சிற்றிதழ் நின்றுவிட்டிருந்தது. அவருடைய முகவரியும் அதோடு போயிற்று.