ஆறு டேங்கரும் ஒரு ஸ்குவாட்ரனும்

ஏர்ஃபோர்ஸ் பத்திப் பேச்சு எடுத்தா நம்ம ஹாஸ்டல்ல அது எங்க போய் நிக்கும்னு உங்களுக்கே தெரியும். ரஃபேல், சுகோய், தேஜஸ். மிஞ்சிப் போனா பிரம்மோஸ். அந்த விமானங்களுக்கு நடுவானத்துல எரிபொருள் கொடுக்கிறது யாருன்னு கேட்டுப் பாருங்க, பாதிப் பேர் முழிப்பாங்க.

இந்திய விமானப்படையில அந்த வேலைக்குன்னே இருக்கிறது 78ஆம் ஸ்குவாட்ரன். செல்லப்பெயர் 'மார்ஸ்'. 2003இல் ஆக்ராவில் தொடங்கினார்கள். கையில் இருப்பது ஆறு இல்யூஷின்-78 டேங்கர்கள். இரண்டு இறக்கையிலும் வால் பக்கத்திலும் நீளமான ஹோஸ். அதன் நுனியில் இறகுப்பந்து மாதிரி ஒரு கூடை தொங்கும். பின்னால் வரும் போர் விமானம் தன் மூக்குப் பக்கத்துக் குழாயை அந்தக் கூடைக்குள்ள சொருகணும். ரெண்டுமே மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்துல பறந்துக்கிட்டே! 1923இல் அமெரிக்காவில் முதல்முதலா இதைச் செஞ்சப்போ மேல் விமானத்துல இருந்து ஹோஸைத் தொங்கவிட, கீழ இருந்தவர் கையாலயே எட்டிப் பிடிச்சாராம்.

ஆக்ரா எங்கயோ இருக்கு, நமக்கென்னன்னு நினைக்காதீங்க. மதுரையில இருந்து பஸ்ல நாலு மணி நேரத்துல தஞ்சாவூர். அங்கதான் 2020 ஜனவரியில் 222ஆம் ஸ்குவாட்ரன், 'டைகர்ஷார்க்ஸ்', சுகோய்-30 விமானங்களோட வந்து இறங்குச்சு. வேலை, இந்தியப் பெருங்கடலைப் பார்த்துக்கிறது. சுகோய் தன் சொந்த எரிபொருள்ல சுமார் 3,000 கிலோமீட்டர் பறக்கும். போயிட்டுத் திரும்பியும் வரணுமே, அதுனால பாதியா வகுத்துக்கோங்க. கடல் அதைவிடப் பெருசு. அதே வருஷம் அக்டோபர்ல ஒரு சுகோய் பஞ்சாப்ல இருந்து கிளம்பி, வழியில எரிபொருள் வாங்கி, வங்கக் கடல்ல இருந்த பழைய கப்பலை பிரம்மோஸால அடிச்சது. பேப்பர்ல தலைப்பு ஏவுகணைக்குத்தான் கிடைச்சது.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். 2017இல் வந்த சிஏஜி அறிக்கை, 2010 முதல் 2016 வரை இந்த ஆறு டேங்கர்களும் சராசரியா 49 சதவீதம்தான் பறக்கும் நிலையில் இருந்ததாகச் சொல்கிறது. இருக்க வேண்டியது 70. அதாவது ஆறுல மூணு எப்பவும் ஷெட்ல. எங்க அப்பா கப்பலூர்ல டேங்கர் லாரி ஓட்டுறவர். அவர்கிட்ட இதைச் சொன்னேன். "மூணு வண்டி நின்னா, மிச்ச மூணு வண்டிக்காரனுக்குத் தூக்கம் கிடையாதுப்பா"ன்னு மட்டும் சொன்னார். அறிக்கையை விட எனக்கு அது நல்லாப் புரிஞ்சது.

பழைய விமானம், அதான் பிரச்சினைன்னு சொல்லத் தோணும். எனக்கு அப்படித் தோணல. 2004இல் நம்ம ஜாகுவார்களை இதே டேங்கர்கள்தான் கண்டம் தாண்டி அலாஸ்காவுக்குக் கூட்டிட்டுப் போச்சு, கோப் தண்டர் பயிற்சிக்கு. அவங்க போய் இறங்கின ஐல்சன் தளத்துலதான் அலாஸ்கா ஏர் நேஷனல் கார்டோட 168ஆம் எரிபொருள் ஸ்குவாட்ரன் இருக்கு. கார்டுன்னா, நிறையப் பேர் வார நாள்ல வேற வேலை பார்த்துட்டு மாசத்துல சில நாள் யூனிஃபார்ம் போடுறவங்க. அவங்க ஓட்டுறது கேசி-135. அந்த மாடலோட தயாரிப்பு 1965லயே நின்னுபோச்சு, மாப்ள! ஆனா ஒரே தளத்துல வருஷக்கணக்கா அதே விமானத்தைக் கழற்றி மாட்டுற மெக்கானிக்குகள் அங்க உண்டு.

நம்ம பக்கம் புது டேங்கர் வாங்க ஏர்பஸ் ஏ330ஐத் தேர்ந்தெடுத்து, பேசி, 2016இல் அந்த டெண்டரையே ரத்து பண்ணிட்டாங்க. கடைசியில 2025 மார்ச்சுல, பயிற்சிக்காக ஒரு டேங்கரை மெட்ரியாங்கிற அமெரிக்கக் கம்பெனிகிட்ட வாடகைக்கு எடுக்க ஒப்பந்தம் போட்டாங்க. எந்த மாடல்னு நினைக்கிறீங்க? அதே கேசி-135.

மெக்கானிக்கல், ஏரோ பசங்க யாராவது ஃபைனல் இயர் புராஜெக்டுக்குத் தலைப்பு தேடிக்கிட்டு இருந்தா, வருஷா வருஷம் வர்ற ட்ரோனை விட்டுட்டு அந்த ஹோஸ், கூடை, வால்வு பக்கம் ஒரு தடவை பாருங்க. லைப்ரரியில உட்கார்ந்து படிக்கணும்னா நானும் வர்றேன்.