புதிதாய் வருவோர்க்கு ஒரு பக்கம்

ஆலயங்கள் தம்மைப் பற்றி ஊருக்கு அறிவிக்க இந்நாளில் இணையதளம் ஒரு சாதனமாகிவிட்டது. நெல்லைச் சீமையில் உள்ள எங்கள் சேகரத்துக்கும் ஒன்று உண்டு. அதைச் சீர்செய்து, புதிதாக வருவோரை வரவேற்கும் பக்கம் ஒன்றைச் சேர்க்கும் பணி வாலிபர் சங்கத்தில் எங்கள் மூவரிடம் ஒப்படைக்கப்பட்டது. தமிழ் இலக்கியம் பயில்பவன் என்பதால் எழுதும் பங்கு என்னுடையதாயிற்று.

முதலில் இருந்ததைப் படித்துப் பார்த்தோம். அடிக்கல் நாட்டிய நாள், பணியாற்றிய குருவானவர்களின் வரிசை, கோபுரத் திருப்பணிக்கு நன்கொடை அளித்தோர் பெயர்கள் எல்லாம் இருந்தன. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவான வரலாறு அரைப்பக்கம் இருந்தது. ஆனால் ஞாயிறு ஆராதனை எத்தனை மணிக்கு என்பது மட்டும் எங்குமே இல்லை! நமக்குத் தெரிந்ததை எல்லோரும் அறிவர் என்று எண்ணுவது மனித இயல்பு போலும்.

தமிழில் இருந்த அறிவிப்புகளோ கல்யாணப் பத்திரிகை போல அச்சகத்தில் அமைத்து, படமாக ஏற்றப்பட்டவை. கைப்பேசியில் பெரிதாக்கினால் எழுத்து மங்குகிறது, தேடினால் அகப்படுவதில்லை. பார்வையற்றோர்க்கு எழுத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருளும் அப்படங்களைக் கண்டு பெரும்பாலும் மௌனம் சாதிக்கிறது. அவற்றை யூனிகோடு எழுத்தில் தட்டச்சு செய்து போட்டதும் இக்குறைகள் நீங்கின. இது எளிய வேலைதான்.

கடினமான வேலை வேறு. புதியவர் அறிய விரும்புவது என்ன? என் வகுப்புத் தோழன் ஒருவன், எங்கள் ஆலயத்துள் ஒருநாளும் வராதவன். அவனைக் கேட்டேன். "நாங்க உள்ள வரலாமாடே? செருப்பை எங்க போடணும்? எல்லாரும் எந்திரிக்கும்போது நானும் எந்திரிக்கணுமா? பை நீட்டுவாங்களாமே, அதுல எவ்வளவு போடணும்?" என்று அடுக்கினான். ஒருவர் வாசல்வரை வந்து திரும்பிப் போவதற்கு இந்த நான்கு கேள்விகளே போதும் என்பது அப்போதுதான் விளங்கியது.

ஆகவே விடைகளை ஒளிவின்றி எழுதினோம். செருப்பை மேற்கு வாசல் திண்ணையருகே விடலாம். ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் மறுபுறமும் அமர்வது எங்கள் வழக்கம். குடும்பமாகச் சேர்ந்து அமர்வோர்க்குப் பின்வரிசை உண்டு. பலகையில் எழுதியிருக்கும் எண்கள் பாமாலை, கீர்த்தனைப் புத்தகங்களில் உள்ள பாட்டு எண்கள். புத்தகம் இல்லாதவர் கோயில்பிள்ளையிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். காணிக்கை கட்டாயமன்று, பையை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டால் போதும். திருவிருந்தின்போது திடப்படுத்தல் பெற்றவர்கள் முன்செல்வார்கள். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே அமர்ந்திருக்கலாம், யாரும் அதைக் குறையாகக் கொள்ளார்.

இத்தனைக்கும் சேகரக் கமிட்டி இசைந்தது. இறுதியாக நான் எழுதிய ஒரு வரியில்தான் தடை நேர்ந்தது. 'நீங்கள் எந்த ஊர், யாருடைய மக்கள் என்று இங்கு யாரும் வினவமாட்டார்கள்' என்பதே அவ்வரி.

எங்கள் பக்கத்தில் "எந்த ஊரு?" என்ற கேள்வியின் பொருள் எல்லோரும் அறிந்ததே. ஊர் தெரிந்தால் தெரு தெரியும். தெரு தெரிந்தால் சாதி தெரியும். வேற்று மாவட்டத்திலிருந்து மருத்துவமனைப் பணிக்கு வந்த செவிலியர் ஒருவர் மூன்று ஞாயிறு எங்கள் ஆலயத்துக்கு வந்தார். மூன்றாம் ஞாயிறு படிக்கட்டில் வைத்து இக்கேள்வி கேட்கப்பட்டது. நான்காம் ஞாயிறு அவரைக் காணவில்லை.

இந்நோய் இன்று நேற்று வந்ததன்று. 1833-ஆம் ஆண்டு கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை உடனே முற்றிலும் ஒழியவேண்டும் எனத் தென்னாட்டு மிஷன்களுக்குச் சுற்றுமடல் விடுத்தார். தஞ்சையில் கடும் எதிர்ப்பு எழுந்தது. கிறிஸ்தவத் தமிழுக்கு அருந்தொண்டாற்றிய வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி வழக்கத்தின் பக்கம் நின்றார் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பண்டிகையின் அசனத்தன்று பாருங்கள்! எம்மதத்தார் ஆயினும் பந்தியில் அமர்வார்கள். சோறு பரிமாறுபவர் யாருடைய ஊரையும் கேட்பதில்லை. அந்த ஒருநாள் இயல்பாய் வருவது மற்ற ஞாயிறுகளில் ஏன் வரவில்லை என்பதே என் வினா.

கமிட்டியில் மூத்தவரான அண்ணாச்சி ஒருவர் என் வரியை இருமுறை படித்தார். "தப்பா ஒண்ணும் எழுதலை தம்பி. ஆனா இதை எழுதிப் போட்ட பொறவு, வாசல்ல நிக்கிற நாமளே கேட்டுட்டம்னா?" என்றார்.

"கேக்காத ஆளா பார்த்து நிறுத்துவோம் அண்ணாச்சி" என்றேன்.

அவர் சிரித்தார், ஆனால் மறுக்கவில்லை. பக்கத்தின் பிற பகுதிகள் வெளியாகிவிட்டன. அவ்வரி மட்டும் இன்னும் ஏறவில்லை. ஆராதனைக்கு அரைமணி முன்னதாக மேற்கு வாசலில் நின்று பாட்டுப் புத்தகம் கொடுக்க, வாரம் இருவர் வீதம் முறைவைத்திருக்கிறோம். அவர்கள் கேட்க அனுமதி பெற்ற கேள்வி ஒன்றே: "உக்காந்துக்கிட இடம் கெடைச்சுதா?" வருகிற ஞாயிறு என் முறை, என்னுடன் நிற்க ஒப்புக்கொண்டிருப்பவர் அதே அண்ணாச்சி.