சீனிவாசபுரத்திலிருந்து தம்பிக்கு



அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் அழுகிறேன், விஷயம் அப்படியே நிற்கிறது.

கடல் வாசலுக்கு வந்துவிட்டது, அம்மாவைப் பெரும்பாக்கத்துக்குக் கூட்டிப் போ என்கிறாய். வந்ததென்னவோ உண்மைதான். முன்வரிசையில் போன ஆடியில் சுவர்கள் சரிந்தன. ஆனால் கடல் தானாக மட்டுமா ஏறுகிறது? தெண்டி வெள்ளம், அதாவது தெற்கிலிருந்து வரும் நீரோட்டம், மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகும் என்று அப்பா சொல்வாரே. சென்னைத் துறைமுகச் சுவர் அதை மறித்தது. மெரினாவில் மணல் குவிந்தது, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கரை கரைந்தது. நூறு வருஷத்துக்கு மேலான கதை. இன்னும் பாடம் படிக்கவில்லை. ஒரு குப்பத்தைக் காக்கக் கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்டால் அதற்கு வடக்கே இருக்கிற குப்பம் அரிக்கிறது.

பெரும்பாக்கம் மட்டும் மேட்டு நிலமா? பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டின இடம். 2015 வெள்ளத்தில் அங்கே பட்டதைப் பெரியம்மா மகளிடம் கேள். அதை விடு, விடியுமுன் போட் கரையேறும்போது மீன் ஏலத்துக்கு அங்கிருந்து நான் எப்படி வந்து சேர்வது? மீன்கூடையைப் பார்த்தாலே கண்டக்டர் விசில் ஊதிவிடுவார்.

பட்டினப்பாக்கத்தில் பழைய ஹவுசிங் போர்டு வீடுகள் இருந்த இடத்தில் பெரிய வணிக வளாகம் வரப்போகிறதாம், டீக்கடையில் இதே பேச்சு. நாம் குடியிருந்தால் ஆபத்தான கரை, ஆபீஸ் கட்டினால் மட்டும் பத்திரமாகிவிடுமா? நம் வீடுகளைப் பற்றிப் பேசிய கூட்டத்தில் எழுந்து கேட்டேன். வந்திருந்த அதிகாரி பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார்.

நம் பிளாக்கை இடித்துக் கட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். அதுவரை வெளியே தங்கக் கருணைத்தொகை 24,000 ரூபாய். மந்தைவெளியில் ஒற்றை அறைக்கு அட்வான்ஸ் விசாரித்துப் பார், சிரிப்பாய். திரும்பி வரும்போது பயனாளி பங்குத்தொகை வேறு கட்ட வேண்டும். எதிர்வீட்டில் கல்யாணமான மூன்று பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் படுக்கிறார்கள். அதிகாரிகள் கணக்கில் அது ஒரு குடும்பம், ஒரு வீடு. இந்தக் கணக்கைத்தான் முதலில் மாற்றச் சொல்லிக் கேட்கிறோம்.

அதனால் பெரும்பாக்கத்துக்கு அட்வான்ஸ் அனுப்பாதே. அந்தப் பணத்தைப் பங்குத்தொகைக்குச் சேர்த்து வை. உன் ஆதார் நகலை இந்த வாரமே வாட்ஸப்பில் போடு. கணக்கெடுக்க வருகிறவர்களிடம் உன் பெயரைத் தனிக் குடும்பமாக எழுதச் சொல்லிச் சண்டை போடப் போகிறேன். வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு எதற்கு வீடு என்பார்கள். பதிலை யோசித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா