களரிக்குக் கதவில்லை

2022ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 2ஆம் திகதி. சொறிக்கல்முனையில் எமது வீட்டுத் திண்ணையில், பழைய மடிக்கணினி ஒன்றைச் சுற்றி ஐந்து பேர் அமர்ந்திருந்தோம். கணினி, கல்முனையிலிருந்து வந்திருந்த ஆசிரிய நண்பருடையது. இணையத் தொடர்பு எமது கைப்பேசி தந்தது. எஞ்சிய மூவரும் மாணவர், க.பொ.த. சாதாரணதரப் பரீட்சையை மே மாதம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தவர்கள்.

வெளியே வயல்களில் பெரும்போக வேலை நடந்துகொண்டிருந்தது. முந்திய ஆண்டில் அரசாங்கம் இரசாயனப் பசளையைத் திடீரெனத் தடைசெய்ததன் விளைவை அந்த வயல்கள் ஏற்கனவே சொல்லியிருந்தன. அதன் பின் எரிபொருள் வரிசை வந்தது. பாடசாலைகள் வாரக்கணக்கில் மூடிக்கிடந்தன. மின்சாரம் நாள்தோறும் முறைவைத்து நிறுத்தப்பட்டது. இத்தகைய ஒரு காலத்தில், சோற்றுக்கு வழி தேட வேண்டிய பிள்ளைகளை இருத்தி, இலண்டன் மாநகரத்து நடனக்காரர் காலை மடக்கி நீட்டுவதைக் காட்டலாமா என்ற கேள்வி எமது உள்ளத்தை உறுத்தாமலில்லை.

நாம் பார்த்தது எதுவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். இலண்டன் றோயல் பாலே குழு, 2012 மார்ச்சில், தன் ஒரு நாள் முழுவதையும் யூடியூப் வழியாக உலகுக்குக் காட்டியது. நாடகத்தையன்று, நாடகத்துக்கு முந்திய உழைப்பை. அதைத் தொடர்ந்து 2014 ஒக்டோபர் 1ஆம் திகதி, மெல்பேர்ன், மொஸ்கோ, இலண்டன், ரொறொன்ரோ, சான் பிரான்சிஸ்கோ ஆகிய நகரங்களின் ஐந்து பெருங் குழுக்கள் ஒன்றுகூடி ‘உலக பாலே தினம்’ என்ற பெயரில் அவ்வழக்கத்தை நிலைநிறுத்தின. சூரியன் செல்லும் திசையிலே ஒரு நாட்டின் பயிற்சிக்கூடத்திலிருந்து மற்றொரு நாட்டின் பயிற்சிக்கூடத்துக்குப் படக்கருவி செல்கின்றது. கட்டணம் இல்லை, இணையம் உள்ளவர் எவரும் பார்க்கலாம்.

அன்னப் பறவைகளைப் போல வெண்ணுடைப் பெண்கள் மிதந்து வருவார்கள் என்று எதிர்பார்த்தோம். திரையில் தெரிந்ததோ நீண்டதொரு மண்டபம், சுவரோரம் மரச்சட்டம், ஒரு மூலையில் பியானோ. ஆணும் பெண்ணுமாகப் பலர், வெளிறிய சட்டைகளும் தளர்ந்த கம்பளிக் காலுறைகளும் அணிந்து, சட்டத்தைப் பற்றியவாறு மெல்ல முழங்காலை மடக்கினர், நிமிர்ந்தனர். பாதத்தைத் தரையோடு உரசி நீட்டினர், இழுத்தனர். அரைமணி நேரத்துக்கும் மேலாக இதுவே. குழுவின் முதன்மை நடிகையும் அவ்வாண்டுதான் சேர்ந்த இளைஞனும் அதே சட்டத்தைப் பிடித்து அதே பாடத்தைச் செய்கின்றனர். இருபது ஆண்டுகள் மேடையில் ஆடியவரும் இன்று காலை முதற் பாடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பின்னர் ஒத்திகை. தூக்கப்பட்ட பெண் சற்றே சரிகின்றாள், இருவரும் சிரிக்கின்றனர், மறுபடி செய்கின்றனர், மறுபடியும். நுனிவிரலில் நிற்பதற்கான பாதணியின் இரகசியமும் அன்று தெரிந்தது. துணியையும் பசையையும் அடுக்கடுக்காக வைத்து இறுக்கிக் கையால் செய்யும் பொருள் அது. அதற்கு நாடாவைத் தைப்பவள் ஆடுபவளே. ஒரே இரவின் ஆட்டத்தில் ஒரு சோடி தேய்ந்துபோவதும் உண்டு.

“சேர், இவங்களும் பிழை விடுறாங்க!” என்றாள் எம் மாணவி.

அவள் குரலில் ஏளனம் இல்லை. பெரியதோர் ஆறுதல் இருந்தது.

இந்த மாணவியைப் பற்றிக் கூறாமல் இக்கட்டுரையை எழுத முடியாது. அவளுடைய தாய்வழிப் பாட்டனார் அயற்கிராமம் ஒன்றின் கூத்து அண்ணாவியார். தந்தை பிறர் வயலில் கூலிக்கு உழைப்பவர். பாடசாலையில் அவள் நடனம் கற்றாள், நன்றாகவும் ஆடினாள். உயர்தரத்திலும் நடனத்தை ஒரு பாடமாக எடுக்க விரும்புவதாக எம்மிடம் சொன்னபோது, “ஆட்டம் சோறு போடாது பிள்ளை, வர்த்தகத்தைப் படி” என்று அறிவுரை கூறியவர்கள் நாமே. கலை மக்களுக்கே என்று மேடைதோறும் முழங்கிய அதே வாயால்தான் அதையும் கூறினோம்.

அவளுக்கு அந்த நேரலையைக் காட்ட வேண்டுமென்று பிடிவாதமாய் நின்றவர் கல்முனை நண்பர். அவருடைய பாட்டனார் களிகம்பு அடிப்பதில் பெயர்பெற்றவராம். கையிலே கம்பு ஏந்திய ஆடவர் வட்டமாய்ச் சுழன்று, பாட்டுக்கும் தாளத்துக்கும் ஏற்ப ஒருவர் கம்பில் மற்றவர் கம்பைத் தட்டி ஆடும் அந்த ஆட்டம் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பழஞ்சொத்து. “என்ட மூத்தாப்பாட கம்பு வீட்டுக் கூரையில செருகிக் கிடந்தது, மாஸ்டர். நாங்க அதை எடுத்துக் கோழிக்கூட்டுக்கு வெச்சிட்டம்” என்று அவர் ஒருமுறை கூறியதை எம்மால் மறக்க முடியவில்லை.

‘திரைக்குப் பின்னால்’ என்ற சொல்லுக்கு ஐரோப்பாவில் ஓர் இருண்ட வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் ஓபெராவிலே, மேடைக்குப் பின்னுள்ள நடனக்கூடத்தில் நுழையும் உரிமை செல்வர்களான சந்தாக்காரர்க்கு இருந்தது. அங்கே பயிற்சிபெற்ற சிறுமியரிற் பலர் ஏழைகளின் பிள்ளைகள். கனவான்கள் அவர்களின் கலையைப் பார்க்கவா அங்கே சென்றனர்? ஓவியர் டெகா தீட்டிய ஒத்திகைக் காட்சிகளில் ஓரத்தே நிற்கும் கறுப்புக் கோட்டு மனிதர்கள் அதற்கு விடை கூறுவர். 1881இல் அவர் காட்சிக்கு வைத்த ‘பதினான்கு வயதுச் சிறிய நடனக்காரி’ என்னும் சிலைக்கு மாதிரியாய் நின்ற மரீ வான் கோத்தெம், சலவைத் தொழிலாளி ஒருத்தியின் மகள். அடுத்த ஆண்டே ஓபெரா அவளை வேலையிலிருந்து நீக்கியது. சிலை உலகப் புகழ் பெற்றது, சிறுமி மறக்கப்பட்டாள். ருஷ்யாவில் பிரபுக்கள் தம் பண்ணையடிமைகளையே நடனக் குழுக்களாக வைத்திருந்தனர். ஆடியவளின் காலும் கையும் பிரபுவின் உடைமை. 1861இல்தான் அங்கே பண்ணையடிமை முறை சட்டப்படி ஒழிந்தது.

அன்று பணம் படைத்தவனுக்கு மட்டும் திறந்த கதவு இன்று எல்லோருக்கும் திறந்திருக்கின்றது. அன்று காமக் கண்களுக்கு விருந்தான இடம், இன்று உழைப்பைக் காட்டும் இடமாயிற்று. இது சிறிய மாற்றமன்று.

ஆனால் எமது கூத்துக் களரியை நினைத்துப் பாருங்கள். அதற்கு என்றைக்குக் கதவு இருந்தது? மட்டக்களப்புக் கூத்து மரபிலே முதலில் சட்டம் கொடுத்தல். யாருக்கு எந்தப் பாத்திரம் என்பது அன்று ஊரறியத் தீர்மானமாகும். பின்னர் மாதக்கணக்கில் இரவிரவாகக் கூத்துப் பழகுதல். ஆட்டம் காலில் படிந்த பிறகு சதங்கை அணிதல். அதன் பின் கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல். எல்லாம் முடிந்த பின்பே அரங்கேற்றம். இத்தனையும் வெட்டவெளியில் நடந்தன. பாயோடு வந்து படுத்திருந்த கிழவி, எந்த இடத்தில் யார் தாளம் தப்பினான் என்பதை மறுநாட் காலை கிணற்றடியில் சொல்லிவிடுவாள். அரங்கேற்ற நாளில் புதிதாய் அறிவதற்கு ஊராருக்கு எதுவும் இல்லை. எனினும் விடியும்வரை விழித்திருந்து பார்த்தார்கள். ஏனெனில் அது அவர்கள் கண்ணெதிரே வளர்ந்த பிள்ளை.

இதைச் சொல்லிப் பெருமைப்படும்போதே, நேர்மையாக மற்றொன்றையும் சொல்ல வேண்டும். களரிக்குக் கதவில்லை, ஆனால் கண்ணுக்குத் தெரியாத வேலிகள் இருந்தன. சாதி ஒரு வேலி. பெண் மற்றொரு வேலி. திரௌபதியாகவும் சீதையாகவும் ஆடியவர் ஆண்களே. கிழவி பார்க்கலாம், பேர்த்தி ஆட முடியாது. பழமையை அப்படியே போற்றுவோர் இந்த வேலிகளையும் சேர்த்தே போற்றுகின்றனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அந்நியக் கலை ஒன்றைக் கண்டு தன் மண்ணின் கலைக்குத் திரும்புவது எமக்குப் புதிய அனுபவமும் அன்று. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள், சேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்து 1926இல் ‘மதங்கசூளாமணி’யை வெளியிட்டார். ருக்மிணி தேவியை இந்திய நடனத்தின்பால் திருப்பியவர் ருஷ்யப் பாலே நடிகை அன்னா பாவ்லோவா. 1936இல் கலாக்ஷேத்திரம் எழுந்தது. ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்த ஆட்டத்தைத் தம் உடலிலே காத்துவந்த பெண்கள், அது மதிப்புப் பெற்ற அதே காலத்தில் மேடையைவிட்டு மெல்ல ஒதுக்கப்பட்டனர். 1956இல் சரச்சந்திராவின் ‘மனமே’ சிங்கள நாடக உலகை அசைத்த பின்னர், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அண்ணாவிமாரை அழைத்து மாணவரைக் கூத்துப் பழக்கினார். 1960களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவை நவீன மேடையேறின. கூத்துக்குக் கற்றோரிடையே மதிப்பு வந்தது. அண்ணாவியாரின் அடுப்புக்கு என்ன வந்தது என்பதே எஞ்சிய கேள்வி.

அன்றைய நிகழ்ச்சியில் ஓர் இடம் வெறுமையாய் இருந்தது. 2014இல் தொடங்கிய ஐந்து குழுக்களுள் ஒன்றான மொஸ்கோவின் பொல்ஷோய் அவ்வாண்டு வரவில்லை. பெப்ரவரியில் ருஷ்யப் படை உக்ரேனுக்குள் புகுந்திருந்தது. பொல்ஷோயின் முதன்மை நடிகை ஒல்கா ஸ்மிர்னோவா போரைக் கண்டித்து, நாட்டை விட்டு நெதர்லாந்துக் குழுவிற் சேர்ந்தார். கீவ் நகரில் குண்டுவீச்சிற் காயமுற்ற நடனக் கலைஞர் ஆர்த்தெம் தாத்சிஷின் மார்ச் மாதம் உயிர்நீத்தார். இதை மாணவர்க்குச் சொன்னபோது அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. போர் நடந்த ஆண்டுகளில் இப்பகுதியில் இரவு என்பது கூத்துக்கு உரியதாக இருக்கவில்லை. கதவைச் சாத்தி விளக்கை அணைப்பதற்கே உரியதாயிருந்தது. பழகுநர் இல்லாத இடத்தில் பழக்குநர் எவ்வாறு வாழ்வார்?

மாணவி திரும்பவும் கேட்டாள்: “சேர், இவங்களுக்கு இந்தப் பழகுற நேரத்துக்கும் சம்பளம் இருக்கா?”

உண்டு என்றோம். அவர்கள் மாதச் சம்பளக்காரர். காலில் சுளுக்கு ஏற்பட்டால் பார்க்க மருத்துவர் உண்டு. அந்த அரங்குக்கு மக்களின் வரிப்பணத்திலிருந்தும் மானியம் போகின்றது. அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “எங்கட அம்மப்பாவும் இப்பிடித்தான், ஒரு தாளக்கட்டைச் சரிவருமட்டும் ஆட வைப்பாராம். அவருக்குக் கடைசி நாளில ஒரு வேட்டியும் வெத்திலையில வெச்ச கொஞ்சக் காசுந்தானாம்” என்றாள்.

எம்மிடம் பதில் இல்லை. அங்கும் அந்த உரிமை உறுதியானதன்று என்பது இரண்டு நாட்களின் பின் தெரிந்தது: நவம்பர் 4ஆம் திகதி இங்கிலாந்துக் கலைக் கழகம் அறிவித்த புதிய மானியப் பட்டியலில் ஆங்கிலத் தேசிய ஓபெராவுக்கு இடமில்லை, றோயல் ஓபெரா மாளிகையின் மானியமும் குறைக்கப்பட்டது. கலைக்கு ஊதியம் கேட்பது எந்த நாட்டிலும் முடிந்துவிட்ட வழக்கன்று.

அந்திப் பொழுதில் மின்சாரம் நின்றது. நண்பருடைய கணினியின் மின்கலம் கால்மணி நேரம் தாக்குப்பிடித்து அணைந்தது. மழை பிடித்துக்கொண்டால் கிட்டங்கித் தாம்போதியில் நீர் ஏறிவிடும் என்ற கவலையில் அவர் அவசரமாய்ப் புறப்பட்டார்.

மறு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பின் அம்மாணவியின் வீட்டுக்குச் சென்றோம். நாம் முன்னர் கூறிய அறிவுரை தவறு. அவள் விருப்பத்துக்கு இடங்கொடுங்கள். மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தர் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கின்றது. அங்கே பட்டப்படிப்பும் உண்டு என்றெல்லாம் எடுத்துரைத்தோம். தந்தை குறுக்கிடாமல் கேட்டார். பின்னர் சொன்னார்: “நான் அண்ணாவியார்ர மகளைக் கட்டினவன், சேர். ஆட்டத்தை நான் குறைவாச் சொல்ல மாட்டன். ஆடுற ஆளுட வீட்டிலயும் உலை கொதிக்க வேணும். அதுக்கு நீங்க ஒரு வழி சொல்லுங்க, நான் புள்ளையை மறிக்கல்ல.”

எமது நூலறிவு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் முன் வாயடைத்து நின்றது.

பெறுபேறு நவம்பர் இறுதியில் வந்தது. அவள் கலைப்பிரிவில் நடனத்தையும் ஒரு பாடமாக எடுத்தாள். தந்தை மறிக்கவில்லை. சனிக்கிழமை மாலைகளில் பாட்டனார் எமது முற்றத்துக்கு வரத் தொடங்கினார். பெண்பிள்ளைகளுக்குப் பழக்குவதற்கு முதலில் தயங்கினார்; “சதங்கை ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்குமா அம்மப்பா?” என்று பேர்த்தி கேட்ட பின் இசைந்தார். ஆசிரியர் சிலர் சேர்ந்து மாதந்தோறும் ஒரு தொகை கொடுக்கின்றோம். அதைத் தட்சணை என்று அவர் சொல்கின்றார். சம்பளம் என்று நாம் திருத்துகின்றோம். தொகை மிகச் சிறியது. அது தந்தையின் வினாவுக்கு விடையாகாது என்பதை நன்கு அறிவோம். பாடசாலைகள் பரதம் கற்பிக்க ஆசிரியரை நியமிப்பதுபோல் கூத்துப் பழக்க அண்ணாவியாரையும் ஊதியத்தோடு நியமிக்கும் நாளிலேயே விடை தொடங்கும். அதைக் கேட்டுப் பெறும் பொறுப்பு ஆசிரியராகிய எம்முடையது.

இப்போது முற்றத்தில் ஏழு பிள்ளைகள் பழகுகின்றார்கள். படக்கருவி எதுவும் இல்லை. வீதியால் போகின்றவர்கள் சைக்கிளை நிறுத்தி, வேலியோரம் நின்று பார்க்கின்றார்கள். பிழைவிட்டால் சொல்லிவிட்டும் போகின்றார்கள்.