ஒரு சிரிக்கும் பெட்டியும் சாய்ந்த இரு கல்லறைகளும்

வெனிஸ் நகரிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம் போனால் சான் வீட்டோ என்ற சின்ன கிராமம். ஊர்க் கல்லறையை ஒட்டி, கான்கிரீட்டும் தண்ணீரும் புல்வெளியுமாக ஒரு தோட்டம். 2024-ல் வந்த ‘டியூன்’ இரண்டாம் பாகம் பார்த்தவர்களுக்கு இந்த இடம் பிடிபட்டுவிடும். பேரரசரின் அரண்மனையாக வந்தது இதுதான்.

ஆனால், இங்கே உறங்குபவர் அரசர் அல்லர். ரேடியோப் பெட்டி செய்தவர். இதே ஊரில் பிறந்த ஜூசெப்பே பிரியோன். 1945-ல் மிலானில் அவர் கூட்டாளியோடு தொடங்கிய கம்பெனிதான் பின்னாளில் ‘பிரியோன்வேகா’ ஆனது.

அந்தக் காலத்து ரேடியோகிராம் எப்படி இருக்கும்? பாதி பீரோ, பாதி மேஜை. மூடியைத் திறந்தால்தான் உள்ளே இசைத்தட்டு சுழல்வதே தெரியும். வைத்த இடத்தைவிட்டு அசையாது.

1965-ல் அக்கீலே, பியர் ஜாகோமோ என்ற காஸ்டில்யோனி சகோதரர்கள் பிரியோன்வேகாவுக்காக வடிவமைத்த ‘ஆர்ஆர்126’ அப்படியே நேரெதிர். அலுமினியக் கால், அடியில் சக்கரம். தள்ளிக்கொண்டே அடுத்த அறைக்குப் போகலாம். தட்டு சுழல்வது உச்சந்தலையில். முன்பக்கத் திருகுகள் கண்ணும் வாயுமாகத் தெரியும். இரண்டு ஸ்பீக்கர்களையும் பக்கவாட்டில் மாட்டினால் காது முளைத்துவிடும்; மேலே அடுக்கினால் சமர்த்தாக ஒரே பெட்டி. குழந்தைகள் பார்த்தால் பேர் வைத்துவிடுவார்கள்.

பாடகர் டேவிட் போவியிடம் இப்படி ஒன்று இருந்தது. அவர் மறைந்த 2016-லேயே லண்டனில் அது ஏலத்துக்கு வந்தது. அதிகபட்சம் 1,200 பவுண்டு போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போனது 2,57,000 பவுண்டு! அன்றைய கணக்கில் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல். போவி பேருக்கு எவ்வளவு, பெட்டிக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாதுதான்.

இந்தப் புகழையெல்லாம் பிரியோன் பார்க்கவில்லை. 1968-லேயே போய்விட்டார். பியர் ஜாகோமோ இறந்ததும் அதே ஆண்டுதான். தொழிலில் கணவருக்குத் தோள்கொடுத்த ஓனோரினா, அவருக்கு நினைவிடம் எழுப்ப கார்லோ ஸ்கார்பாவிடம் சொன்னார். பெரிய கட்டடக் கலைஞர். முடிவதற்குள், 1978-ல் அவரும் ஜப்பானில் இறந்தார். அவரையும் இந்த வளாகத்தின் ஓரத்திலேயே புதைத்திருக்கிறார்கள்.

நடுவில், தாழ்வான ஒரு வளைவின் கீழே இரண்டு கல்லறைகள். ஒன்று ஜூசெப்பேவுக்கு, மற்றொன்று ஓனோரினாவுக்கு. இரண்டும் நேராக நிற்கவில்லை. ஒரே ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொடுப்பவர்கள்போல, ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்திருக்கின்றன.